யாரா இருந்தாலும்

ஜூன் 3, செவ்வாய்

மெதுவா மேடம் இன்றும் வந்தார். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் "மெதுவாம்மா, மெதுவா" என்பதால் நான் வைத்த பெயர் இது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனியாக வாழக் கற்றுக்கொடுப்பது அவர் உத்தியோகம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை, மாதம் பிறந்தால் சொந்தச் சம்பளம். ஆனாலும் நான் அடுப்பை அணைத்தால் மேடம் கை தட்டுகிறார். அவர் வீட்டில் அவர் அடுப்பை அணைக்கும்போது யார் கை தட்டுகிறார்களாம்?

இந்த ஃப்ளாட்டில் நானும், நான் ரேடியோ என்று கூப்பிடும் தோழியும் ஆறு மாதச் சோதனைக்குக் குடியிருக்கிறோம். ரேடியோவுக்குக் கவனம் ஒரு இடத்தில் நிற்காது, வாயும் நிற்காது. இந்த மாதக் கடைசியில் ஒரு கூட்டம். எல்லாம் சரி என்றால் வீடு எங்கள் பெயருக்கு மாறும். இல்லையென்றால் நான் அம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று "சோப்பு போட்டியா?" என்று கேட்கும் குரலுக்குத் திரும்ப வேண்டும்.

செத்தாலும் மாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சலவைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவள் என்னைக் காட்டிப் பக்கத்து மேஜையிடம் "பாவம்" என்றாள். நான் காதில் மாட்டியிருப்பது இயந்திரச் சத்தத்தைக் குறைக்கத்தான். பேச்சு நன்றாகவே கேட்கும். அவள் மடித்து வைத்த படுக்கை விரிப்புகள் எல்லாம் கோணல். அத்தனையையும் பிரித்து அவள் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தேன். இப்போது பாவம் யார்?

ஜூன் 10, செவ்வாய்

நேற்று தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவனை ரேடியோ உள்ளே விட்டுவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்தபோது அவன் என் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எழுப்பித் துரத்துவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அதனால் இன்று மேடம் கதவுப் பாடம் எடுத்தார். "யாராவது தட்டினா, யாருன்னு கேக்கணும். பேர் சொல்லணும். என்ன வேலையா வந்தீங்கன்னு கேக்கணும். காரணம் சொல்லணும். சொல்லலைன்னா திறக்கவே கூடாது. யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

இவ்வளவு மாதத்தில் இவர் சொன்ன உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்.

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் கதவு தட்டும் சத்தம். ரேடியோ குளித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கதவருகே நின்றேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"நான்தாண்டி! குரல் தெரியலையா?"

குரல் தெரிந்தது. ஆனால் அது பெயர் இல்லை. உலகத்தில் எல்லோரும் அவரவருக்கு நான்தான். சரி, அம்மா விஷயத்தில் பெயரை விட்டுக்கொடுக்கலாம் என்று நானே முடிவு செய்து, அடுத்த கேள்வியைப் பாடத்தில் இருந்தபடியே கேட்டேன். "என்ன வேலையா வந்தீங்க?"

"வந்தீங்களா? சும்மாதான் வந்தேன், கதவைத் திற."

சும்மா! காரணம் இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்தச் சொல்லே இருக்கிறது. காரணம் இல்லை என்றால் திறக்கக் கூடாது.

"காரணம் சொல்லு, திறக்கிறேன்."

அம்மா கதவை அடித்தாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "பெத்தவளை வாசல்ல நிக்க வெச்சிட்டே இல்ல?" என்று கேட்டாள். நிற்க வைத்திருந்தேன். அதனால் "ஆமா" என்றேன்.

கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

நான் பாடத்தைத் தவறில்லாமல் செய்திருக்கிறேன். பிறகு ஏன் திரும்பத் திரும்பப் போய்த் துளை வழியாகப் பார்க்கிறேன்?

ஜூன் 15, ஞாயிறு

சித்தி போனில்: "நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

மாமா போனில்: "படிச்சுப் படிச்சுச் சொன்னேன் உங்கம்மாகிட்ட, இவளை வெளிய விடாதேன்னு."

அம்மா கூப்பிடவில்லை.

ஜூன் 16, திங்கள்

மேடம் முகம் வெளுத்துப்போய் வந்தார். அம்மா அவர் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். என்னை இந்த மாதமே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மான்னா வேற இல்லையா, செல்லம்?"

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

பேச்சுக்குச் சொன்னாங்களாம்! எது பேச்சுக்கு, எது நிஜத்துக்குன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வர்றாங்க? நான் திருப்பிக் கேட்டேனே! ரெண்டு தடவை அதையே சொல்லிட்டு, இப்ப வேறயாம்!

எல்லோரும் எனக்கு மரபுத்தொடர் புரியாது என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். காதில் பூ சுற்றினால் நான் பூவைத் தேட மாட்டேன். என்னைக் கவிழ்ப்பது சின்னச் சொற்கள்தான். சும்மா, அப்புறம், பார்க்கலாம். இவற்றைச் சொல்லுகிறவர்களுக்கே என்ன அர்த்தம் என்று தெரியாது. பழி மட்டும் என் மேல்.

மேடம் போகும்போது கதவைப் படாரென்று சாத்தினேன். மெதுவாக இல்லை.

ஜூன் 21, சனி

ரேடியோ சொல்கிறாள்: "கூட்டத்துல மன்னிப்பு கேட்டுடு. காசா பணமா?" எந்தத் தப்புக்கு என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

கூட்டம் முடிந்தது. நீள மேஜை. தலைக்கு மேல் குழல் விளக்கு 'உய்ங்' என்று கத்திக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் அது கேட்கவில்லையாம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மேடம், நடுவில் அதிகாரி. நான் எதிரே இருக்கும்போதே ஆளாளுக்கு 'இவ, இவ' என்று பேசினார்கள்.

அம்மா சொன்னாள்: "வீடு தீப்பிடிச்சு தீயணைப்புக்காரன் வந்தாலும் இவ பேர் என்ன, வேலை என்னன்னு கேட்டுக்கிட்டு நிப்பா சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்குக் கொதித்தது.

"தீயணைப்புக்காரங்க பேரும் சொல்வாங்க, காரணமும் சொல்வாங்க. நீதான் ரெண்டும் சொல்லலை."

"பாத்தீங்களா சார், பேச்சை? மழைக்காலம் வர்றதுக்குள்ள இவ திரும்பி வந்துடுவா. இவ ரூமை அப்படியே வெச்சிருக்கேன், போர்வையைக்கூட மாத்தலை."

யார் அந்தக் கதவுப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். மேடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான் சார். யாரா இருந்தாலும்னு சொன்னேன். அம்மாவைப் பத்தித் தனியா சொல்லலை. தப்பு என்னோடது" என்றார். அதற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போய்விடவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு எதுக்கு வந்தே?"

"அதான் சொன்னேனே, சும்மாதான்னு."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்!"

"அது காரணம் இல்லை."

அம்மா மேஜையில் ஓங்கி அடித்தாள். "நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க முடியலைடி! மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிட்டு ஓட ஒரு ஆள் இல்லை. நான் பாட்டுக்கு போட்டுட்டு, போட்டுட்டு நிக்கிறேன். உன் மூஞ்சியைப் பாக்கணும்னு வந்தேன். போதுமா? இதை அந்தக் கதவுகிட்ட நின்னு, எதிர்வீட்டுக்காரன் கேக்கக் கத்தணுமா நான்?"

"இதைச் சொல்லியிருந்தா உடனே திறந்திருப்பேன்" என்றேன். நிஜமாகவே திறந்திருப்பேன்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள், என்னைப் பார்க்காமலேயே. அவள் போன பிறகு அதிகாரி, "நீங்க வயசு வந்தவங்க. முடிவு உங்களோடது. இங்கேயே இருக்கணுமா?" என்று முதன்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா."

ஜூலை 1, செவ்வாய்

வீடு எங்கள் பெயருக்கு மாறியது. ரேடியோ ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் வந்து தட்டினார். பேரும் சொன்னார், காரணமும் சொன்னார்.

அம்மா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

அம்மா கூப்பிட்டாள். 'எப்படி இருக்கே' எல்லாம் கிடையாது. "உன் ரூமை வாடகைக்கு விட்டுட்டேன். நர்ஸ் பொண்ணு ஒருத்தி வர்றா. உன் சாமானை ஞாயித்துக்கிழமை வண்டியில ஏத்தி விடறேன். வீட்டுல இரு." வைத்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

வண்டி வந்தது. அம்மா வரவில்லை. பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு வண்டிக்காரர் போய்விட்டார்.

ரேடியோ எனக்காக அழுதாள். "பெத்த பொண்ணோட ரூமைப் போய் எவளுக்கோ குடுப்பாங்களா?" சித்தி போனில் வந்தாள். "ஏதோ கோபத்துல பண்ணிட்டா. நான் பேசி ரூமைத் திருப்பி வாங்கித் தர்றேன்." வேண்டாம் என்றேன். கல்நெஞ்சுக்காரி என்றாள். அம்மாவைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு நேரடியாகவே கேட்டேன்.

"கோபத்துலதான் பண்ணினியா?"

"கோபம்தான். இல்லாம?"

வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நீதான் திரும்பி வரப்போறதில்லையே. அப்புறம் எதுக்கு ரூமைப் பூட்டி வெக்கணும்?"

இதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். உனக்கென்ன பைத்தியமா என்று திட்டினாள். ஆனாலும் சொன்னாள். "நீ திரும்பி வரமாட்டே. எனக்குத் தெரியும்."

அடுப்புக்குக் கை தட்டுகிறவர்கள் இதைச் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரிகூட "முடியலைன்னா சொல்லுங்க" என்றுதான் அனுப்பினார். போனை வைத்த பிறகு அழுதேன். ரேடியோ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். வாயை மூடச் சொன்னேன்.

கடைசிப் பெட்டியில் எனக்கு இரண்டு புதுச் சட்டைகள் இருந்தன. கழுத்தில் லேபிள் உரசினால் எனக்கு உயிர் போகும். இரண்டிலும் லேபிளைப் பிரித்து எடுத்திருந்தாள். கத்தரியால் வெட்டினால் ஒரு ஓரம் குத்தும். இவள் தையலைப் பிரித்து, நூலையும் ஒவ்வொன்றாக உருவியிருக்கிறாள்.

அவள் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. சட்டையைப் போட்டுக்கொண்டேன். பெட்டிகள் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, நாளை ஒரு அலமாரி பார்க்கப் போக வேண்டும்.