பதினொரு டிகிரி

லோஃபோட்டன்
14 மார்ச் 1961

அன்புள்ள தம்பி அஸ்லாக்குக்கு,

அக்கா குன்வோர் எழுதுவது. நான் நலம். உன் மகள் முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். இந்த வருடம் காட் மீன் ஏராளம், காயப்போடக் கழி போதவில்லை. உன் வலது கையைப் பற்றி விசாரிக்காதவர் ஊரில் இல்லை.

படகு முதலாளி ஸ்வெர்ரே உனக்கு அனுப்பிய தாளை எனக்கும் வாசித்துக் காட்டினார். படகு பாறையில் மோதியது உன் தவறு என்று கையெழுத்துப் போட்டால் எட்டாயிரம் குரோனர் நஷ்டஈடாம். போட்டால் படகோட்டும் உரிமமும் போய்விடும். "அவன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரியில் வலை இழுக்கும் எந்திரமான புது இரும்பு விஞ்சைச் சுக்கான் அறையை ஒட்டிப் பூட்டியபோது, இரும்பு காம்பஸ் முள்ளை இழுக்கும், சரிபார்க்கக் காம்பஸ்காரரைக் கூப்பிடுங்கள் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். "மீன் என்ன, காம்பஸ்காரன் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?" என்று இதே மனிதர்தான் சிரித்தார்.

நேற்று இன்சூரன்ஸ் கம்பெனி காம்பஸ்காரர் தூர்கெல்லை அனுப்பியது. நானும் படகில் ஏறிவிட்டேன். முதலாளி இறங்கச் சொன்னார். "எந்தம்பி கை போன படகு இது. தூக்கிப் போட்டாத்தான் எறங்குவேன்" என்றேன். துறைமுகத்திலேயே படகை வட்டமாகச் சுற்றவிட்டு, தூர்கெல் ஒவ்வொரு திசையிலும் முள்ளைப் பார்த்துக் குறித்தார். மேற்கே திரும்பியபோது பதினொரு டிகிரி விலகி நின்றது. அன்று மூடுபனியில் நீ மேற்கேதானே வந்தாய்! "இந்த முள்ள நம்பினா நானே பாறையில ஏத்தியிருப்பேன்" என்றார் அவர், முதலாளி முகத்துக்கு நேரே.

பிறகு காம்பஸுக்கு அடியில் இரண்டு சின்னக் காந்தங்களை வைத்தார். விஞ்ச் இழுப்புக்கு ஈடாக அவை எதிர்ப்பக்கம் இழுக்க, முள் நேரானது. தப்பாக இழுப்பது எது என்று முதலில் ஒத்துக்கொண்டால்தான் ஈடுகட்ட முடியும். ஸ்வெர்ரேயோ உன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டு அதை நஷ்டஈடு என்கிறார்.

திருத்துவதற்கு முன் குறித்த அட்டையில் தூர்கெல் கையெழுத்திட்டு எனக்கொரு நகல் தந்தார். இன்று காலை அதை விபத்தை விசாரிக்கும் கோர்ட்டில் கொடுத்துவிட்டேன். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் பெயர் கெடாமல் வரட்டும், வாங்கிக்கொள்வோம்.

வலது கை இல்லாத குறையை ஈடுசெய்ய இடது கையால் எழுதிப் பழகுகிறாய் என்று உன் ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியிருந்தார். படித்துவிட்டு அழுதேன். கடவுள் அந்தக் கைக்குப் பலம் கொடுக்கட்டும். அது போடும் முதல் கையெழுத்து ஸ்வெர்ரேயின் தாளில் விழக் கூடாது. கோணல்மாணலாக இருந்தாலும் சரி, உன் பெயரை எழுதி எனக்கு அனுப்பு.

உன் அக்கா,
குன்வோர்