நான் தலையாட்டியது

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்னவள் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடியில் ஒழுகிய குழாயைச் சரிசெய்தாயிற்று. எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் இன்றைய பேப்பரை அங்கே சட்டமன்ற விடுதியில் நீங்களும் பிரித்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் என் முகம். ‘மகள் கட்சியின் பக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அம்மா அதை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

காலையில் நீங்கள் போன் செய்தபோது அம்மா என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அதனால்தான் கடிதம். டிரைவர் அண்ணன் உங்கள் துணிகளை எடுத்துக்கொண்டு மதியம் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். டிவியில் சட்டமன்றம் ஓடியது. எட்டாவதுக்கு மேல் பெண்கள் பள்ளிகளை மூடிவிடலாம் என்று நம் கட்சி கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து நீங்கள் எழுந்தீர்கள். “நான் பழைய ஆளுதான். பொண்ணுங்க வீட்டைப் பாத்துக்கணும்னு இன்னிக்கும் சொல்றேன். ஆனா எந்தப் பொண்ணு படிக்கணும்னு அந்தந்த வீடு முடிவு பண்ணட்டும். பூட்டு போட நாம யாரு?” என்றீர்கள். கடைக்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, “உங்கப்பாவாடி இது? பரவால்லையே!” என்றார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை.

அதற்குள் உங்கள் பின்வரிசையிலிருந்து நம் கட்சிக்காரரே ஒருவர், “அண்ணன் வீட்டுப் பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு? நானே நிறுத்திட்டேன்னு மேடைக்கு மேடை சொன்னீங்களே!” என்று கேட்டார். சபையே சிரித்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு உட்கார்ந்துவிட்டீர்கள். கடையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கையிலிருந்த துணியில் வேலை வந்துவிட்டது.

‘நான் நிறுத்தவில்லை, அவளாகவே நின்றுவிட்டாள்’ என்று சொல்லியிருக்கலாமே அப்பா. டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊமைக்கோட்டான் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒன்பதாவதில் ஒவ்வொரு காலையும் நீங்கள் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, “இன்னிக்கு ஒரு நாள் போயிட்டு வாம்மா” என்று கெஞ்சினீர்கள். நான்தான் இறங்கவில்லை. பெண்ணுக்கு என்ன கோளாறு என்று தெருவில் கேட்க ஆரம்பித்தபோது, “நான்தான் நிறுத்திட்டேன்” என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்தீர்கள். பிறகு தேர்தல் மேடையிலும் அதையே சொன்னீர்கள். கை தட்டினார்கள். அது உங்களுக்கும் வசதியாகப் போயிற்று என்று அம்மா ஒருமுறை சொன்னாள். தப்பாகச் சொல்லவில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் செவ்வாய்க்கிழமை நானே கட்சி ஆபீசுக்குப் போனேன், செயலாளர் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். படியேறும்வரை நன்றாக வந்தது. உள்ளே ஒரே கூட்டம். “அடடே, யாரு வந்திருக்கா பாருங்க! அண்ணன் பொண்ணு!” என்று மாமா நாற்காலி போட்டார். டீ வந்தது. வழியில் சொல்லிப் பார்த்ததில் முதல் வார்த்தையே மறந்துவிட்டது. “அப்பா பேசினதுல உனக்கே சங்கடம், இல்ல?” என்றார். சங்கடமாகத்தானே இருந்தது? தலையாட்டினேன். “வீட்ல சந்தோஷமாத்தானே இருக்கே?” என்றார். ஆட்டினேன். “அப்ப நீ நம்ம பக்கம்தான்!” என்று சிரித்தார். அதற்கும் ஆட்டியிருப்பேன். கட்சி பேட்ஜை என் தோளில் குத்தினார்கள், படம் எடுத்தார்கள். நான் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன் அப்பா. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. கிளம்பும்போது “வர்றேன் மாமா” மட்டும் கணீரென்று வந்தது.

நாளை ஓட்டெடுப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டால் கட்சி உங்களை நீக்கிவிடும், மகளே அந்தப் பக்கம் போனபின் இனி எதிர்க்க மாட்டார் என்று டிவியில் பேசுகிறார்கள். நீங்களோ அம்மாவிடம், “அவளை ஒண்ணும் கேக்காதே, பாவம்” என்றீர்களாம். என்னைப் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

இனி மறைக்க வேண்டாம். என் பெண் பயந்து நின்றுவிட்டாள், நான் அதை மாற்றிச் சொன்னேன் என்று சபையிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரும் கெடும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் கடைக்கு வழக்கம்போல் போவேன். என் படத்தைக் காட்டி ஒரு பள்ளியை மூடினார்கள் என்று ஆகிவிட்டால்தான், பை மாட்டிக்கொண்டு எதிரே வரும் பிள்ளைகளை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

பேப்பர்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். வரட்டும். நானே வாசலில் போய் நிற்பேன். பேச்சு வருமோ வராதோ, அம்மாவை முன்னால் அனுப்ப மாட்டேன்.

இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். கட்சி இருந்தாலும் போனாலும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
சின்னவள்