முழங்கைக்குப் பொட்டு

ஆகஸ்ட் 19

எலும்பில் வளர்ந்த கட்டியை வலது முழங்கையோடு எடுத்துவிட்டு, உலோக மூட்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதுவது இடது கை. கோழி கிளறிய எழுத்து. கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலைக்குத் திரும்புவதெல்லாம் அப்புறம். முதலில் கை வாய்வரை வரவேண்டும்.

இடது கையால் சாப்பிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் பாப்பம்மாளே ஊட்டுகிறார். ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது என் குழம்பை நன்றாயிருக்கிறது என்று சொல்லாத மகராசி!

ஆகஸ்ட் 27

ஒரு வாய்க்கு ஒரு குறை. நான் துவைத்த துணி, என் அம்மா வீட்டுச் சீர், நான் பார்த்த ஓவர்டைம். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அடுத்த உருண்டை உள்ளே வந்துவிடுகிறது.

செப்டம்பர் 8

கை மார்புவரை வருகிறது. ஒரகடத்தில் கார் பாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் லோகேஷ், மூட்டில் காதை வைத்துக்கொண்டு மடக்கி மடக்கிப் பார்த்தார். சத்தமே வரவில்லை, நல்ல பேரிங் என்றார். இவரைக் கட்டிக்கொண்டதற்கு என்னைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 20

மோவாய்க்குக் கீழே நின்றுவிட்டது. ஒரு வாரமாக அங்கேயேதான். இப்டியே நின்னுடுமோ? ஆயுசுக்கும் அடுத்தவங்க கையாலதான் துன்னணுமா? தலையணையில் முகத்தை வைத்து அழுதேன்.

மதியம் ஊட்டும்போது அத்தை ஒரு குறையும் சொல்லவில்லை. டாக்டர் என் வீட்டுக்காரரிடம் தனியாக ஏதாவது சொல்லியிருப்பாரோ?

செப்டம்பர் 21

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். இன்று ரசச் சோற்றோடு என் தங்கச்சி கல்யாணத்துத் தண்ணிப் பாயசக் கதையையும் எடுத்தார் அத்தை. அப்பாடா.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

பைக், கிரைண்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அத்தை, என்னையும் இழுத்து அந்த வரிசையில் உட்காரவைத்தார். இது இரும்பில்லை, வேறு உலோகம் என்றேன்.

"இன்னாவா இருந்தா இன்னா? வேலை செய்யப்போறது அதுதானே."

தழும்பின்மேல் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு சுண்டல் கொடுத்தார். வலது கையில் வாங்கி, சும்மா தூக்கிப் பார்த்தேன். மோவாயைத் தாண்டியது. சுண்டல் உதட்டில் பட்டது! அத்தை கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"பூஜை போட்ட சாமான இன்னிக்கி எடுக்கக் கூடாது. நாளைக்கித் துன்னு."

சாகடிக்கிறாங்கப்பா. மிச்சச் சுண்டலையும் அவரே ஊட்டினார்.

அக்டோபர் 2

விஜயதசமி. நானே பிசைந்து நானே சாப்பிட்டேன். பாதி மடியில். அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கவளம் மேலே போகும்போதும் அவர் வாயும் தானாகத் திறந்து மூடியது. அவருக்கே அது தெரியவில்லை.

எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. இருந்தாலும் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை என்றேன்.