மூன்றெழுத்து ஈவா

மே 11, திங்கள்

காலையிலிருந்து மழை. எங்கள் பாரோய் வீடு முழுக்க ஈரத் துணி. கவிதாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் கொஞ்சம் தூக்கல். மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் சண்டை.

சொந்தக்காரர்களுக்கு எல்லாம் பெயர் எழுதியாயிற்று. சின்ன வயதுச் சிநேகிதி ஈவாவுக்கும் ஒன்று எழுத ஆசை. எங்கே அனுப்ப? அவள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய சின்னக் கிராணியின் மகள். நான் பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுத்தவள் மகள். எங்களில் யாருக்குக் கல்யாணமானாலும் மற்றவள் தோழியாகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பேச்சு. என் கல்யாணத்தில் நின்றது இவருடைய சித்தி மகள். படத்தைப் பார்த்தால் இன்னும் அந்தப் பெண்மேல் கோபம் வருகிறது. பாவம், அவள் என்ன செய்வாள்.

மே 12, செவ்வாய்

வெயில். கிளினிக் கவுன்டரில் எனக்கு ஒரே கூட்டம், உட்கார நேரமில்லை. வாங்க: சந்தனம், குங்குமச் சிமிழ், இவருக்குச் செருப்பு. லுக்குட் தையல்கடையில் கொடுத்த ரவிக்கை.

பழைய தோட்டத்து ஆட்கள் ஒருவரையொருவர் விசாரித்து எழுதும் இணைய ஃபோரம் ஒன்று இருக்கிறது. அதில் E, V, A என்று போட்டேன். ‘சொல் மிகச் சிறியது’ என்று துரத்திவிட்டது. நாலு எழுத்துக்குக் குறைந்தால் தேடாதாம். சரி, வெளியே பொது இணையத்தில் தேடலாம் என்றால் பக்கம் பக்கமாகச் செருப்பு. ஏதோ ரப்பர் நுரைக்கு அதே மூன்று எழுத்துதான் சுருக்கப் பெயராம். என் ஈவா செருப்புக் குவியலுக்கு அடியில் எங்கோ.

இவர் எட்டிப் பார்த்தார். “என்னா உமா, எனக்கா பாக்குற? சைஸ் ஒம்பதுலா.”

மே 14, வியாழன்

கவிதா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தாள்.

“சின்ன பேர மட்டும் போட்டா சூசாலா அம்மா, கஷ்டம், கெடைக்காது. கூட நீட்டு வார்த்தை ஒண்ணு போடணும். அவங்க அப்பா பேரு என்னா?”

“சின்னக் கிராணி.”

“அது வேலைலா. பேரு?”

தெரியவில்லை. எதிரே நின்றால் ஐயா, முதுகுக்குப் பின்னால் சின்னக் கிராணி. தோட்டத்தில் யாருமே பெயர் சொன்னதில்லை. தினமும் அவர்கள் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றவள் நான், எனக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

மகள் சொன்னதில் புரிந்த மட்டும்:
பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி.
செருப்புக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஒரு கழித்தல் குறி, அப்போது செருப்பு ஒழியும்.
ஃபோரத்துக்குள் தேடாமல் வெளியிலிருந்து, அதன் முகவரியையும் சேர்த்து.
அவள் எழுதியிருக்கக்கூடிய சொல் இன்னொன்று.

அவள் என்ன எழுதியிருப்பாள்?

மே 15, வெள்ளி

கிளினிக்கில் இரண்டு பேருக்கு நம்பர் மாற்றிக் கொடுத்துவிட்டேன். யோசனை எல்லாம் ஈவா.

ஈவாவோடு சேர்த்துப் போட்டுப் பார்த்த சொற்கள்: கொய்யா மரம். நெத்திலி. கிராணி வீடு. கடைசியதற்கு ஏகப்பட்டது வந்தது, எல்லாம் கிராணிகளைத் திட்டி.

பின்வாசல் கொய்யா மரத்தடியில் என்னைப் பார்த்ததும் “இண்டைக்கு என்ன கறி?” என்பாள்; அவர்கள் வீட்டுத் தமிழே வேறு. அம்மா கட்டித்தரும் நெத்திலிச் சோறு அவளுக்கு, அவள் வீட்டு ரொட்டி எனக்கு. முன்வாசல் வழியாக நான் ஒரு நாளும் போனதில்லை. ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் கதவில் பூட்டு. அவள் அப்பாவுக்கு மாற்றலாம், காலையிலேயே லோரியில் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மே 17, ஞாயிறு

மேகமூட்டம். பூக்காரர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார், ஆளைக் காணோம்.

இந்தமுறை மேற்கோளுக்குள் ஈவா, செருப்பு நீக்கி, ஃபோரத்தின் முகவரி, கூடவே ‘லயம்’. நாங்கள் இருந்த வரிசை வீடுகளை அவள் அப்படித்தான் சொல்வாள்.

ஒன்றே ஒன்று வந்தது. ஃபோரத்தின் உதவிப் பகுதியில், ‘மூன்றெழுத்துப் பெயரை இங்க எப்படித் தேடுறது?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். என்னைப் போல் இன்னொரு பைத்தியம் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன்.

“U, M, A எண்டு போட்டால் சொல் சின்னன் எண்டு வருது. அவள் லயத்துப் பிள்ளை, என்ர சிநேகிதி. தயவுசெய்து உதவுங்கோ.”

யாரோ பதில்: “அவங்க அம்மா பேரையும் சேத்துப் போட்டு தேடிப் பாருங்க.”

“அவவின்ர பேர் எனக்குத் தெரியாது. எங்கட வீட்டில பால்மரம் வெட்டுற மனுசி எண்டுதான் சொல்லுறது. எத்தனை நாள் அவவின்ர சோறு சாப்பிட்டிருக்கிறன், பேரைக் கேக்கேல்ல. ஈவா.”

பழைய பதிவு. அதற்குப் பிறகு ஒருவரும் எழுதவில்லை.

அழுதேன். கவிதா பயந்து ஓடிவந்தாள். ஈவா இன்னும் அந்த ஃபோரத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ. பத்திரிகை, மண்டபம், என் கல்யாணம், அந்தப் பூட்டு, எல்லாம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அவள் பதிவின் கீழே போட்டது இவ்வளவுதான்:

“அம்மா பேரு அஞ்சலை. ஒங்கப்பா பேரு என்னா, ஈவா?”