ஏழாவது கணக்கில் நிற்கும் கோடு

இன்று காலை லேபில் ஒரு இரண்டாம் ஆண்டுப் பிள்ளை என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். "அக்கா, ஏழாவது கணக்கு ஹேங் ஆயிருச்சு. சாம்பல் கோடு பாதியில நிக்கிது."

ஹேங் ஆகவில்லை. நீதான் நின்றிருந்தாய்.

பத்தொன்பது நொடி. பிறகு நகர்ந்தாய். "ஆ, வந்துருச்சு" என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

இந்த வேலையே நமக்குத் தண்டனையாகத்தான் வந்தது, நினைவிருக்கிறதா? இதே லேபில் முப்பது மவுஸிலும் இடது பட்டனை வலதாக்கி வைத்தேன். மாட்டியது நான். "நானும்தான் மேம்" என்று பொய் சொல்லிக் கூடவே மாட்டிக்கொண்டது நீ. மேம் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுல்ல? உத்திரப் பாடத்துக்கு ஒரு வெப்சைட் பண்ணுங்க. அடுத்த பேட்ச் பிள்ளைக அதுல பழகட்டும்." பாடத்தின் பெயர் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். என்னிடம் மெட்டீரியல் இருந்தது, ஸ்ட்ரென்த் இல்லை. உனக்கு இரண்டுமே சுமார்.

பாரம் ஏற்றிய உத்திரம் எந்த இடத்தில் எவ்வளவு வளையப் பார்க்கிறது என்று கோடு வரைந்து காட்ட வேண்டும். அதுதான் கணக்கு. சரியான விடையைக் காட்டினால் போதும் என்றேன் நான். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "விடையத்தான் புக்குலயே போட்ருக்காய்ங்களேடி. நம்மள மாதிரி ஒருத்தி தடுமாறி வரையிறதப் பாத்தாத்தான் மண்டையில ஏறும்." அப்படிப் பிறந்தது அந்தக் கோடு. படிக்கிறவர் வரையும்போது பக்கத்திலேயே முன்பே பதிந்து வைத்த இன்னொரு கோடு, வரைந்த வேகத்திலேயே, அழித்தது திருத்தியது உட்பட ஓடும். வரைந்தவள் நீ. நிறம் தேர்ந்தெடுத்தவள் நான். "சாம்பல் போடுவோம்டி, பேய் மாதிரி கூடவே வரட்டும்." சொல்லிவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தேன். அந்த வாயை இப்போது என்ன செய்ய?

ஆறு கணக்குகளை இங்கேயே முடித்தோம். ஏழாவதை உன் ஊர் நெற்குப்பையில் வீட்டிலிருந்து போனில் வரைந்தாய். லேசாகக் காய்ச்சல், காலேஜுக்கு வரவில்லை என்றாய். இரண்டு தாங்கலின் மேல் ஒரு பலகை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஆத்தங்குடித் தரைக்கல் அடுக்கியிருக்கும். உன்னைச் சிக்கவைக்கவென்றே நான் எழுதிய கணக்கு அது. நீட்டிய பக்கத்தை நெருங்கும்போது கோடு மறுபுறம் தாண்ட வேண்டும். நீ எப்போதும் அங்கேதான் கோட்டை விடுவாய். நீ வரைய வரையத் திரையில் வருவதை லேபில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். உன் கோடு நடுங்கியது.

"என்னடி கை இந்த ஆட்டம் ஆடுது? பொண்ணு பாக்க வந்துருக்காகளா?" என்று மெசேஜ் தட்டினேன்.

கோடு நின்றது. "சிரிக்க வைக்காதடி, தல வலிக்கிது" என்று பதில் வந்தது. கோடு மறுபடி ஓடியது. தப்பான பக்கம் போனது, அழிந்தது, தாண்டியது. "இங்குட்டு இல்ல, அங்குட்டு! புடிச்சுட்டேன்டி!"

நான் கைதட்டல் எமோஜி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பவில்லை. நான்கு நாளில் அந்தக் காய்ச்சலிலேயே நீ போய்விட்டாய்.

போன வாரம் மேம் கூப்பிட்டார். "ஏழாவதுல அந்த நிக்கிற இடத்த வெட்டிரும்மா. பிள்ளைக ரிப்பேர்னு நினைக்கிதுக. கோட்டையும் கொஞ்சம் நேராக்கிரு. திங்கக்கிழமை புது பேட்ச் வருது." அது உன் கை என்று அவருக்குத் தெரியும். அன்று உனக்குக் காய்ச்சல் என்பது தெரியாது. இரண்டு நிமிட வேலை. மூன்று முறை உட்கார்ந்தேன். ஒரு தடவை நானே வரைந்தும் பார்த்தேன். நடுக்கமே இல்லாமல், யாரோ ஒருத்தி வரைந்ததுபோல இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வெட்டிவிடத்தான் ஆசைப்பட்டேன். உனக்காக இல்லை. அந்தப் பத்தொன்பது நொடிக்குள் இருப்பது என் மெசேஜ். இனி அதை நான் பார்க்காமல் இருக்கலாமே.

இன்று திங்கட்கிழமை. வெட்டவில்லை.

"நிக்கிற இடத்த இன்னும் வெட்டலயா நீ?" பின்னாலிருந்து மேம் குரல். நான் வாயைத் திறப்பதற்குள், என்னைக் கூப்பிட்ட அந்தப் பிள்ளை முந்திக்கொண்டாள். "வெட்டாதீக மேம். அது நின்னப்ப சும்மா உக்கார முடியாம என் கோட்டப் பாத்தேன். நானும் தப்பான பக்கந்தான் போய்க்கிட்டு இருந்தேன்."

மேம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று நகர்ந்துவிட்டார்.

நீ சொன்னதுதான் சரி, தடுமாற்றம்தான் சொல்லிக்கொடுக்கிறது. எனக்கு நிம்மதி என்று மட்டும் நினைத்துவிடாதே. முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஏழாவதுக்கு வருவதில்லை. ஜன்னலோரத் திரையில் நீ நகரும்போது கதவோரத் திரையில் நிற்கிறாய். அங்கே கிளம்பினால் நடு வரிசையில் நிற்கிறாய். வகுப்பு முழுக்க எங்கேயாவது ஓரிடத்தில் உன் கை நின்றுகொண்டே இருக்கிறது.

அதனால் ஏழாவது கணக்கு ஓடும் வரை நான் பேசுவதில்லை. நாக்கு நுனிக்கு எத்தனை நக்கல் வந்தாலும் முழுங்கிவிடுகிறேன். உனக்குத் தலை வலிக்கும்.