ஒரு காசுக் குறைப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று நிதிநிலை அறிக்கை. நிதியமைச்சர் இரண்டரை மணி நேரம் நின்றபடியே வாசித்தார். அந்தக் கால்களை நான் மதிக்கிறேன். வாசித்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

நான் சுயேச்சை. என் கட்சியின் செயற்குழுவைக் குளிக்கும்போதே கூட்டி முடித்துவிடுகிறேன். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறுகின்றன. சபையில் எனக்குக் கடைசி வரிசை, தேநீர் வரும் கதவுக்குப் பக்கத்தில். புகார் இல்லை. அரசு தரும் எதுவும் மற்ற உறுப்பினர்களுக்கு ஆறிப்போய்த்தான் கிடைக்கிறது. எனக்குச் சூடாக.

அறிக்கையின் மகுடம்: பேரவை வாசலில், இசைக்கேற்ப ஆடும் நீரூற்று. வண்ண விளக்குகளுடன். மருத்துவமனைக் கட்டடங்களின் பழுதுபார்ப்போ "படிப்படியாகப் பரிசீலிக்கப்படும்". எத்தனை படி, ஏறுவதா இறங்குவதா என்று சொல்லவில்லை.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நானும் ஒருமுறை தட்டினேன். கொசு.

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. தொகுதிக்குப் போய், நேராக அரசு மருத்துவமனைக்குப் போனேன். அக்கா அங்கே மகப்பேறு வார்டின் தலைமைச் செவிலி.

"வாங்க உறுப்பினரே. பாத்து, வழுக்கும். விழுந்தீங்கன்னா இங்க பிரசவம் மட்டும்தான் பாப்போம்."

கூரை ஏழு இடத்தில் ஒழுகுகிறது, ஏழு வாளிகள். பிளாஸ்டிக் வாளியில் டொக், அலுமினிய வாளியில் டிங். கட்டில்களை நனையாத இடம் பார்த்து நகர்த்தி நகர்த்தி, வார்டே பாதி ஆட்டத்தில் விட்ட சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது. நேற்றுப் பிறந்த ஒரு பெண் குழந்தை டிங் வரும்போதெல்லாம் கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பார்த்தது. இந்த அரசின் கலைப்பணியை முதலில் ரசித்த ரசிகை.

"எத்தனை வருஷமாடி இதைப் பத்தி சபையில பேசற?"

"ஆறு."

"ஆறு வருஷத்துல வாளிதான் மாறியிருக்கு. அதுவும் நான் வாங்கினது."

கிளம்பும்போது மூலைக் கட்டிலைக் காட்டினாள். போன வாரம் கூரையிலிருந்து ஒரு காரைப் பாளம் அதன்மேல் விழுந்திருக்கிறது. "அன்னைக்கு அந்தக் கட்டில் காலி" என்றாள், மெதுவாக. அடுத்த நொடியே, வாளியை நிரம்ப விட்டதற்காக யாரையோ பார்த்துக் கத்தினாள். அக்காவுக்குப் பயம் வந்தால் கத்துவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

குறைப்புத் தீர்மானம் கொடுத்துவிட்டேன். எங்கள் சபையில் அரசின் ஒரு செலவைக் கண்டிக்க வேண்டுமானால், அந்த ஒதுக்கீட்டில் ஒரு காசைக் குறைக்கச் சொல்லி முன்மொழிய வேண்டும். உறுப்பினர் பேசுவார், தீர்மானம் தோற்கும், எல்லோரும் சாப்பிடப் போவார்கள். சபை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு தீர்மானமும் ஜெயித்ததில்லை. நான் நீரூற்றில் ஒரு காசைக் குறைக்கச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் பல் டாக்டர். எழுதியதைப் படித்துக் காட்டியதும், "என் பேஷன்ட்டுங்களாவது நான் பேசும்போது வாயைத் திறந்து வெச்சிட்டு கேக்கறாங்க. உன் ஆளுங்க கொட்டாவிக்குத்தானே திறக்கறாங்க?" என்றார்.

பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஆளுங்கட்சிக்காரர்கள் எது வாக்கெடுப்புக்கு வருகிறது என்று கவனிப்பதில்லை. சோம்பல் என்று சொல்லக் கூடாது, அது கட்டுப்பாடு. அவர்களின் கொறடா முன்வரிசையில் திரும்பி அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் "இல்லை". கழற்றினால் "ஆம்". இந்த ஏற்பாட்டில்தான் அரசு நான்கு வருடம் பிசகில்லாமல் ஓடியிருக்கிறது.

என் முறை வந்தது. எட்டு நிமிடம். கடைசி நிமிடத்தில் சொன்னேன்: "இசைக்கு ஆடும் தண்ணீர்தான் வேண்டுமென்றால் அமைச்சர் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. எங்கள் மகப்பேறு வார்டுக்கு ஒரு மழைநாளில் வரட்டும். ஏழு வாளிகள், ஏழு சுரங்கள். விளக்கு மின்னுவதற்கும் குறைவில்லை, மின்கசிவு இருக்கிறது. கலைஞர்கள் ஆறு வருடமாகச் சம்பளம் கேட்டதில்லை. புதிதாகப் பிறந்தவர்களுக்கு அனுமதி இலவசம்."

யாரும் சிரிக்கவில்லை, ஒருவரைத் தவிர. கொறடா. பாவம், அடக்கித்தான் பார்த்தார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார்.

சரியாக அந்த நேரம் பேரவைத் தலைவர் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்.

"ஆம்!" — ஆளுங்கட்சி முழுவதும், தொண்டை கிழிய. எதிர்க்கட்சியும் வழக்கம்போல "ஆம்!" நான் மட்டும் வாயடைத்துப்போய் நின்றேன், என் தீர்மானத்துக்கு நானே வாக்களிக்கவில்லை. "தீர்மானம் ஏற்கப்பட்டது" என்றார் தலைவர், தாளைப் புரட்டியபடியே. நிதியமைச்சர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கை கொடுத்தார். கொறடா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகுதான் அவர் முகம் மாறியது.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "ஜெயிச்சிட்டேன்."

"கூரை வருதா?"

"ஒரு காசு குறையுது."

வைத்துவிட்டாள்.

மார்ச் 12, புதன்

விதிப்புத்தகத்துக்கு நேற்று வரை தூசி தட்டியவர் இல்லை. இன்று நூலகத்தில் அதற்கு வரிசை. விதி இதுதான்: சபை ஏற்ற குறைப்பை மறுவாக்கெடுப்புக்கு எடுக்க, முன்மொழிந்தவர் சம்மதிக்க வேண்டும். அதுவரை நிதிநிலை அறிக்கை நிறைவேறாது. மாதக் கடைசிக்குள் நிறைவேறாவிட்டால் ஆட்சி போய்விடும்.

முன்மொழிந்தவர் நான்.

மதியம் எதிர்க்கட்சித் தலைவர் என் இருக்கைக்கே வந்தார். ஆறு வருடத்தில் முதல்முறை. கடைசி வரிசைக்கு வரும் வழி அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் இருந்தது.

"தங்கச்சி, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா இருங்க போதும். மாசம் முடிஞ்சா ஆட்சி முடிஞ்சது. அடுத்து நாங்கதான், நீங்க சுகாதார அமைச்சர்."

"நீங்க வந்தா நீரூற்று நிக்குமா அண்ணே?"

"நீரூற்று வேணாம்னு நாங்க எங்க சொன்னோம்? டிசைன் சரியில்லைன்னுதான் சொல்றோம். நாங்க வந்தா இன்னும் உயரமா அடிக்கும்."

தேநீர் குடித்துவிட்டுப் போனார். என்னுடையதை.

சுகாதார அமைச்சர்... பொய் சொல்வானேன், கண்ணாடி முன் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்சி கவிழ்ந்து, தேர்தல் வந்து, இவர்கள் வந்து, நாற்காலி பங்கு போட்டு... அதற்குள் எத்தனை மழை? அந்த மூலைக் கட்டில் எத்தனை நாள் காலியாகவே இருக்கும்?

மார்ச் 13, வியாழன்

நிதியமைச்சர் வீட்டுக்கே வந்தார். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில், "எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டார்.

"எல்லாப் பக்கமும்தான் டாக்டர்."

உட்கார்ந்ததும் என்னிடம், "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார். ஆறு வருடம் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது இன்றுதான்.

"கூரை."

"எந்தக் கூரை?"

நான் பேசிய எட்டு நிமிடத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். நிம்மதியாகச் சிரித்தார். "இவ்வளவுதானா? நாளைக்கே ஆணை போட்டுடறேன்."

அக்காவிடம் சொன்னேன். "ஆணையா? அதைத் தலைக்கு மேல பிடிச்சா நனையாதாடி?" என்றாள். "ஆளுங்க கூரை மேல ஏறட்டும். நான் கீழயிருந்து பாத்து சொல்றேன். அப்புறம் சம்மதம் குடு."

என் கட்சியின் கொள்கை முடிவுகளில் இனி அக்காவையும் சேர்த்துக்கொள்வதாகத் தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியது.

மார்ச் 17, திங்கள்

"தொழில்நுட்பக் காரணங்களால்" அறிக்கையின் மீதான விவாதம் தள்ளிவைப்பு. தொழில்நுட்பம், சுண்ணாம்பும் சிமென்ட்டும்.

நிதியமைச்சர் தினமும் ஃபோன் செய்கிறார். இன்று அழாத குறை: "ஒரு மாநிலத்தையே ஒரு மருத்துவமனை மொட்டைமாடியில உக்கார வெச்சிட்டீங்களேம்மா." தார் காய எத்தனை நாள் ஆகும் என்று அவர் பொறியாளர்களை விசாரித்திருக்கிறார். பதவிக்கு வந்து நான்கு வருடத்தில் ஒரு கட்டடத்தைப் பற்றி இவ்வளவு கற்றுக்கொண்டது இதுதான் முதல்முறையாம். அவரே சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

அக்கா மேஸ்திரியோடு சண்டை. ஒரு மூலையை அவர் அப்படியே விட்டுவிட்டாராம். திரும்ப ஏற்றிவிட்டாள்.

மார்ச் 26, புதன்

முந்தாநாள் இரவு மழை. நேற்று முழுக்க மழை. இன்று காலை அக்காவின் ஃபோன். ஒரு வார்த்தைதான்:

"குடு."

மார்ச் 28, வெள்ளி

சம்மதம் கொடுத்தேன். மறுவாக்கெடுப்பு. கொறடா கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை என் பக்கமே திரும்பவில்லை. இந்த முறை என் தீர்மானத்துக்கு நானே "ஆம்" சொன்னேன், எதிர்க்கட்சியும் சொன்னது. தோற்றது. நீரூற்றுக்கு அதன் ஒரு காசு திரும்பக் கிடைத்தது.

எதிர்க்கட்சித் தலைவர் என்னைக் கடந்து போகும்போது, "ஒரு கூரைக்காக ஒரு ஆட்சியையே விட்டுட்டீங்க" என்றார்.

கணக்கு சரிதான். மற்ற ஊர்களின் கூரைகள் இன்னும் படிப்படியாகத்தான் பரிசீலிக்கப்படுகின்றன. அது உறுத்துகிறது. அவற்றுக்காக அடுத்த வருடம் கூரைக்கு ஒரு காசு குறைப்போம். கொறடா எத்தனை நாள்தான் சிரிக்காமல் இருப்பார்?

ஜூன் 5, வியாழன்

நீரூற்றுத் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்திருந்தது. முன்வரிசை. நிதியமைச்சர் கைப்பட ஒரு வரி: "அவசியம் வரவும்." ஆனால் காலையிலிருந்து பெருமழை. மழையில் நின்று தண்ணீரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மருத்துவமனைக்குப் போனேன்.

கட்டில்கள் நேர்வரிசையில் இருந்தன. மூலைக் கட்டிலில் ஒரு பெண், பக்கத்தில் பிறந்து சில மணி நேரமே ஆன பையன். இருவரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தாள் அக்கா. வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. பெருமையாக நின்றேன். அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அக்கா மேலே பார்த்தாள். "கேக்குதா?"

"என்னது?"

"ஃபேன்டி. கிறீச் கிறீச்சுன்னு. இத்தனை நாளா வாளிச் சத்தத்துல தெரியல."

கேட்டேன். ஆமாம், மூன்றாவது மின்விசிறி. நிறையவே கிறீச்சிடுகிறது.

"அடுத்த பட்ஜெட்ல பேசு" என்றாள், போர்வையை மடித்தபடி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.