கண்ணாடிக்கு அந்தப்புறம் நீ

இன்று காலை கீழ்க்கடையில் வேன் ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கினார்கள். கம்ப்ரசரின் உறுமல் தரை வழியாக ஏறி என் தையல் மெசினின் காலைத் தொட்டதும் கை தானாகவே எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டது. பழைய துணியொன்றை நனைத்துச் சுருட்டிக் கதவின் அடியில் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோதுதான் அறையில் நான் மட்டும் இருப்பது உறைத்தது. நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. யாருடைய மூச்சைக் காப்பாற்ற இந்தத் துணி? அதை எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். மனம் வரவில்லை. அடைத்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் நம் இரண்டு குடும்பங்களும் ஒரே லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தன. உங்கள் அடுப்புப் புகை எங்கள் சுவரில்தான் படியும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள் நீ. நான் பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தையலுக்குப் போனேன். கொழும்புக்கு வெளியே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில், பரிசோதனைக் கூடத்துக்கு உதவியாளாக உன்னை எடுத்தபோது லயமே வியந்தது. மாட்டுத் தோலைப் பரிசோதிக்க ஒரு பெண்ணா என்று உன் அம்மாவிடம் கேட்டார்கள். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் நீ பேசியது தோலைப் பற்றித்தான்.

"கால்ல போடுற சப்பாத்துல பளபளன்னு தெரியுதே, அது தோலே இல்ல புள்ள. தோலுக்கு மேல நாங்க பூசுற இன்னொரு தோலு. மயிரிழையவிட மெல்லிசு. மழ, வெயிலு, ஒரசல் எல்லாத்தையும் அதுதான் வாங்கிக்குது" என்பாய்.

அந்த மெல்லிய தோலை இன்னும் உறுதியாக்கத்தான் உங்கள் தொழிற்சாலைக்குக் கடினமாக்கி என்ற ரசாயனம் வந்தது. பூச்சோடு கலந்தால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுமாம். பிறகு எதற்கும் கரையாதாம். கலந்து, தெளித்து, காயவைத்துப் பார்ப்பது உன் வேலை. சில மாதங்களில் நீ இருமத் தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக இருப்பாய். திங்கள் மாலையில் நெஞ்சு இறுகிவிடும். சளித் தடிமன் என்றார்கள், தூசி என்றார்கள். கடைசியாக ஒரு நெஞ்சு வைத்தியர்தான் சரியாகக் கேட்டார், நீ என்ன வேலை செய்கிறாய் என்று. 

வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று ஸ்டேஷன் பெஞ்சிலேயே எல்லாவற்றையும் சொன்னாய். "உடம்பு அந்தக் கடினமாக்கிய ஞாபகம் வச்சிக்கிச்சாம் ராஜி. இனி சாகுற வரைக்கும் மறக்காதாம். ஒரு துளி காத்துல இருந்தாக்கூட இழுப்பு வந்துருமாம்." 

சென்னையில் தோல் தொழில்நுட்பம் படிக்க உன்னை அனுப்புவதாகத் தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். அதற்காக எடுத்த பாஸ்போர்ட் புதிதாகவே இருந்தது.

ஊரில் லயத்துப் புகை உன்னை ஒரு மாதம்கூட இருக்கவிடவில்லை. உன் அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு ஹட்டனுக்கு என்னிடம் வந்துவிட்டாய். என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போய், அங்கேயே நிலைத்து, ஃபோன் எடுப்பதையும் நிறுத்தியிருந்த காலம் அது. பேக் தைப்பதும் சப்பாத்துத் திருத்துவதுமாக மாடியில் இந்த ஒரு அறைக் கடை, பின்னால் படுக்க ஒரு தடுப்பு. நான் தைத்தேன். நீ நிறம் போன தோலுக்கு நிறம் கொடுத்தாய், தண்ணீரில் கரையும் பூச்சு மட்டும் வைத்து. கடினமாக்கி இல்லாமலே நிற்கும் பூச்சைக் கொண்டுவரப் பார்க்கிறேன் என்று கிண்ணம் கிண்ணமாகக் கலந்துகொண்டிருப்பாய்.

நம் குளிர் அதற்கு எதிரி. பூச்சில் மிதக்கும் நுண்துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டினால்தான் ஏடு கட்டும் என்பாய். மார்கழிக் குளிரில் அவை இளகாது. பூசிய இடம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். சூடு வேண்டுமென்றால் அறையை அடைக்க வேண்டும். அடைத்தால் உனக்கு மூச்சு முட்டும். திறந்தால் மலைமூட்டம், நாம் சொல்லும் மிஸ்ட், உள்ளே வந்து பூச்சைக் கெடுக்கும். ஒரு கையால் ஜன்னலைத் திறப்பதும் மறு கையால் மூடுவதுமாகவே நம் வேலை நடந்தது.

நீ வந்து சேர்ந்த பிறகுதான் கீழே அந்த வாகனப் பெயின்ட் கடை வந்தது. அவர்கள் பெயின்டிலும் அதே கடினமாக்கி. வேறு இடம் தேடினோம்; அதே வாடகைக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தெளிக்கும் நாட்களில் நீ மார்க்கெட் பக்கம் போய் நின்றுகொள்வாய், அல்லது நான் கதவடியில் துணி வைப்பேன். பிறகு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனது. புதிய சோஃபாக்கள் வைத்த தளபாடக் கடை. தரைக்கு வார்னிஷ் அடித்த மண்டபம். சீட் மாற்றிய பஸ். எதில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று உனக்கே தெரியாது. "மூக்குக்குத் தெரியுறதுக்கு முன்னயே நெஞ்சுக்குத் தெரிஞ்சிருது" என்றாய். பயந்து பயந்து ஒதுங்கினாய். மற்றவர்களுக்கெல்லாம் ஹட்டன் பெரிதாகிக்கொண்டே போனது. உனக்கு மட்டும் சில தெருக்களாகச் சுருங்கியது. உன்னோடு நடந்த எனக்கும்தான்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து பங்களாவிலிருந்து வேலை வந்தபோது நாம் இருவரும் சின்னப்பிள்ளைகள் போலக் கிளம்பினோம். பழைய துரை பங்களா, இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல். முன்னறையில் இருந்த தோல் சோஃபாக்கள் நிறம் மங்கிக் கீறல் விழுந்திருந்தன. மேனேஜர் சிங்களவர், நல்ல மனிதர், எப்போதும் அவசரம். விருந்தினர்கள் வருவதற்குள் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

நீ விரலைத் தண்ணீரில் நனைத்து சோஃபாவின் கையில் ஒரு சொட்டு வைத்தாய். அது முத்துப்போல உருண்டு நின்றது.

"பாத்தியா? சொட்டு நின்னுச்சுன்னா தோலு நம்மள வேணாங்குது. படுத்துச்சுன்னாத்தான் வாங்கங்குது" என்றாய் என்னிடம். பிறகு மேனேஜரிடம் சிங்களத்தில் விளக்கினாய். வருஷக்கணக்காகத் தேய்த்த பாலிஷில் சிலிக்கன் இருக்கிறது. அது இருக்கும்வரை எந்தப் பூச்சும் பரவாது. மீன் கண்போலக் குழி குழியாக விலகிவிடும். முதலில் கழுவி எடுக்க வேண்டும்.

நாள் முழுக்கக் கழுவினோம். மறுநாளும் சொட்டு பாதி உருண்டே நின்றது. மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ஹோட்டல் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆளிடம் கேட்டிருக்கிறார். அந்த ஆள் ஒரு டின்னோடு வந்து, முன்னறையை அடுத்த சாப்பாட்டு அறையில் இருந்த நாற்காலிகளுக்குக் கடினமாக்கி கலந்து அடித்துப் பார்த்திருக்கிறார். எதை அடித்தாலும் நிற்கும் சாமான் என்று அவர் சொன்னதை மேனேஜர் நம்பிவிட்டார். உனக்கு அது விஷம் என்று அந்த இருவருக்கும் தெரியாது. மிஸ்ட் வராமலிருக்க எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

சோஃபாவின் பின்புறம் குனிந்து துடைத்துக்கொண்டிருந்த நீ நிமிர்ந்தாய். கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு கையால் என் தோளைப் பிடித்தாய், மறு கை பையில் இழுப்பு மருந்துப் பம்பைத் தேடியது. அடித்தாய். மறுபடி அடித்தாய். காற்று உள்ளே போகும் சத்தமே கேட்கவில்லை.

"எங்கயோ அடிக்கிறாங்க" என்றாய். அவ்வளவுதான் வந்தது.

வெளியே போகும் கதவு தள்ளியும் திறக்கவில்லை. மழையில் ஊறி உப்பியிருந்தது. உன்னைச் சுவரில் சாய்த்துவிட்டு, உதைத்துத் திறந்தேன். அடுத்தது, அதற்கடுத்தது, ஜன்னல்கள், சாப்பாட்டு அறைக் கதவு என்று ஒன்று விடாமல் திறந்தேன். பால் பொங்கி வழிவதுபோல மிஸ்ட் உள்ளே வந்தது. மேனேஜர் ஓடிவந்து, மூடு, மூடு, எல்லாம் கெட்டுப்போகும் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். உன் உதட்டின் நிறத்தைப் பார்த்ததும் அவர் குரல் நின்றது. உன்னைத் தூக்க அவரே கால் பக்கம் பிடித்தார். நாங்கள் இருவரும் உன்னைப் புல்தரையில் கொண்டுபோய் உட்காரவைத்தோம். ஜீப்பையும் அவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் உன் முதுகு என் நெஞ்சில் இருந்தது. நீ இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் என் மூச்சை நிறுத்தி வைத்திருந்தேன்.

பிழைத்தாய். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் நீ கேட்டது நாற்காலிகளைப் பற்றி.

"மிஸ்ட் பட்டிருக்குமே, நொரச்சிருச்சா?"

"கொப்புளம் கொப்புளமா."

"தண்ணி பட்டா அது அப்பிடித்தான். காஸ் வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வாரங்கள் கழித்து மேனேஜர் கடைப் படியேறி வந்தார். மன்னிப்புக் கேட்டார். அந்த டின்னை எடுத்துப்போகச் சொல்லிவிட்டதாகவும், சோஃபா வேலையை நம் முறைப்படியே செய்து தரவேண்டும் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன் நான். நீ என்னைப் பார்த்தாய்.

"கதவ நீ ஒடச்சிட்டு வந்தே. நான் ஒண்ணுமே முடிக்காம வந்துட்டேன் புள்ள. தோத்த மாதிரி இருக்கு."

அப்படித்தான் நாம் மறுபடி போனோம், நீ உள்ளே வருவதில்லை என்ற ஏற்பாட்டோடு. நாற்காலிகளில் காய்ந்துவிட்ட அந்தப் பூச்சு இனி ஒன்றும் செய்யாது என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் நெஞ்சு உன்னை நம்பவில்லை. புல்தரையில் குடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் நீ. உள்ளே ஹீட்டர் போட்டு அடைத்த அறையில் நான். நடுவில் பெரிய கண்ணாடி ஜன்னல். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன்.

"சொட்டு வை."

"வச்சிட்டேன்."

"நிக்குதா, படுக்குதா?"

"படுக்குது. மெதுவா விரியுது."

"எல்லா எடத்துலயும் வச்சிப் பாரு. கையி ஒரசுற எடத்துல எண்ணெ எறங்கியிருக்கும். அவசரப்படாத."

கண்ணாடி என் மூச்சில் மங்கும்போதெல்லாம் துடைத்துவிட்டு உன்னைப் பார்ப்பேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நீ என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாய். கண்ணாடிக்கு எந்தப் பக்கம் சிறை என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே வெக்கையில் நான் வேர்த்தேன். வெளியே நீ நடுங்கினாய். இப்போது சொல்வதில் என்ன, சில நேரம் உன்மேல் கோபமும் வந்தது. உன் மூச்சோடு அல்லவா நானும் கட்டுண்டு கிடந்தேன். உன்னை விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் வெளியூர் போனதில்லை. உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால், "போயேன் புள்ள, யாரு பிடிச்சா?" என்றிருப்பாய். போக முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

வேலை முடிந்தது. ஒரு சோஃபாவின் பின்மூலையில், ஹீட்டரின் சூடு எட்டாத இடத்தில், பூச்சு சற்றே வெளுத்துத்தான் போனது. மற்றவை கித்துள் பாணி என்னும் கருப்பட்டிப் பாகின் நிறத்தில் மின்னின. மேனேஜர் உன்னை உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். நீ தலையாட்டி மறுத்தாய். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாய்.

"நல்லாத்தான் தெரியுது. தொட்டுப் பாக்காம என்னான்னு சொல்றது?" என்றது ஃபோனில் உன் குரல்.

நான் ஒரு சோஃபாவின் இருக்கைத் திண்டைக் கழற்றி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தூறலில் வெளியே வந்தேன். குடைக்குக் கீழே உன் மடியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாய். ஓரத்தை மடக்கி, வெடிக்கிறதா என்று பார்த்தாய். பிறகு குடையைச் சற்றே விலக்கினாய். தூறல் திண்டில் விழுந்து துளித்துளியாக உருண்டது. ஒன்றும் ஊறவில்லை.

"இப்ப நிக்குதே" என்றேன் பயந்துபோய்.

"இப்ப நிக்கணும் புள்ள" என்றாய். "பூசுறதுக்கு முன்ன படுக்கணும், பூசின பொறகு நிக்கணும். இத்தன வருஷமா இதுக்குத்தானே கலக்கிக்கிட்டு கெடந்தேன்." உன் முகம் நனைந்திருந்தது. குடையை நீ விலக்கியே வைத்திருந்ததால் அது மழையா கண்ணீரா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

உன்னைக் கொண்டுபோனது எந்தப் பூச்சும் இல்லை. அடுத்த ஆடி மழையில் ஊரெல்லாம் வந்த சாதாரணக் காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் விட்டது. உன் நெஞ்சு ஏற்கெனவே களைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். திறந்தேன். "அப்பாடா, நல்ல காத்து" என்றாய். அன்று மாலையே போய்விட்டாய்.

வத்தளையிலிருந்து என் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "கடைய மூடிட்டு வாங்கக்கா. இனி ஒங்கள யாரு பிடிச்சி வச்சிருக்கா?" என்கிறான். அடுத்த மாதம் என்கிறேன், ஒவ்வொரு மாதமும். கதவுகள் எல்லாம் எனக்குத் திறந்தே இருக்கின்றன. எந்தக் கதவால் போவது என்பது மறந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து டவுனுக்கு ஏறும் படிகளில் பாதியில் ஒரு கம்பிக் கைப்பிடி இருக்கிறதல்லவா? அங்கே நீ எப்போதும் நிற்பாய். உன் மூச்சு அடங்கும்வரை நானும் நிற்பேன், கீழே ரயில் பார்ப்பதுபோல. நேற்று சாமான் வாங்கிக்கொண்டு ஏறியபோது கால் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண்ணொருத்தி, "ஒடம்புக்கு ஏலாமயா இருக்கு அக்கா?" என்று கேட்டாள். இல்லை, நீங்கள் போங்கள் என்று வழிவிட்டேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் உனக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தேன்.